கோட்டைக்குள்ளே போன நெல்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் தலைவி அம்மா கேட்டபோது சமையல் குறிப்பு எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன். "அதுக்கு ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்காங்க. நீதான் லைப்ரரிக்குப் போறவளாச்சே, நம்ம பக்கத்து சரித்திரம் எதாவது எழுதும்மா" என்றார். பத்தாவது படித்தவள் சரித்திரம் எழுதுவதா என்று முதலில் பயம்தான். பிறகு எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் உரல் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த உரலை எங்கள் ஆயா "ஐதர் காலத்து உரல்" என்று சொல்லும். பழைய சைக்கிள், பழைய குடை எல்லாமே அதற்கு ஐதர் காலத்துதான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஐதர் என்றால் ரொம்பப் பழசு என்று அர்த்தம் என்றே நான் நினைத்திருந்தேன். அது மைசூர் ஹைதர் அலி என்பதும், அவர் படை நம் செங்கல்பட்டுச் சீமைக்கு வந்துபோனது என்பதும், அந்தச் சண்டையில் ஊரெல்லாம் பாழாய்ப் போனதால்தான் அவர் பெயர் நம் வாயில் இத்தனை காலம் நிற்கிறது போலும் என்பதும் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் புரிந்தது. அதனால் நான் எழுதப்போவது செங்கல்பட்டுக் கோட்டையைப் பற்றி. ராஜா ராணி கதை இல்லை. சண்டைக்காலத்தில் அது படைக்குச் சோறு போட்ட கிடங்காக இருந்த கதை.

ஏரியும் கோட்டையும்

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறினால் பரனூர் தாண்டி, செங்கல்பட்டு ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் கடல் மாதிரி கொளவாய் ஏரி தெரியும். அந்த ஏரியை ஒட்டித்தான் கோட்டை. 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர ராஜாக்கள் கட்டியது. ஒரு பக்கம் ஏரி, சுற்றிலும் காலை வைத்தால் இழுக்கும் சேற்று நிலம். பீரங்கி வண்டியை அவ்வளவு சுலபமாக உருட்டிக்கொண்டு வர முடியாது. இந்த இடத்தைத் தேடிப்பிடித்துக் கட்டியதன் சூட்சுமம் அதுதான்.

நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பெரிசாக ஒன்றும் மிச்சம் இல்லை. மதில் அங்கங்கே துண்டு துண்டாக நிற்கிறது. பிற்காலத்தில் ரயில் பாதையே கோட்டையை ஊடுருவித்தான் போட்டிருக்கிறார்கள். தினமும் வேலைக்கும் காலேஜுக்கும் போகிற பிள்ளைகள் அது கோட்டை என்று தெரியாமலே தாண்டிப் போகின்றன.

படை என்றால் முதலில் சோறு

சினிமாவில் சண்டை என்றால் கத்தியும் குதிரையும்தான் காட்டுவார்கள். அடுப்பு யார் மூட்டினார்கள் என்று காட்டுவதே இல்லை. நாம் குடும்பம் நடத்துகிறவர்கள், நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5,000 பேர் உள்ள ஒரு படை. ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்தால் 2,500 கிலோ. ரேஷன் கடைக்கு வருகிற 50 கிலோ மூட்டையில் 50 மூட்டை. ஒரு நாளைக்கு! அந்தக் காலத்தில் சிப்பாய் மட்டும் தனியாக வரமாட்டான். மாடு ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், குடும்பம் குட்டி என்று பின்னாலேயே சிப்பாய்களைவிட அதிக ஜனம் நடந்து வரும். ஒரு பொதி மாடு ஒன்றிரண்டு மூட்டைதான் சுமக்கும். அப்படியானால் எத்தனை நூறு மாடு, அத்தனைக்கும் வைக்கோல் எங்கே என்று யோசித்தால் தலை சுற்றும். இதற்காகவே மாட்டு மந்தையோடு தானியம் கொண்டுவந்து படைகளுக்கு விற்ற லம்பாடிக் கூட்டங்கள் இருந்தன.

சுமந்துகொண்டே எத்தனை நாள் நடப்பது? அதனால் வழியில் அங்கங்கே கோட்டைகளில் நெல்லைச் சேர்த்து வைப்பார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள் அங்கே இருக்கும் பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். அரிசியாக வைத்தால் புழு வைத்துவிடும், நெல்லாக வைத்தால்தான் வருடக்கணக்கில் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். 100 கிலோ நெல்லைக் குத்தினால் 65 கிலோ அரிசி தேறும். மில் இல்லாத காலம். அத்தனை நெல்லையும் யாரோ உலக்கை பிடித்துக் குத்தியிருக்க வேண்டும், புடைத்திருக்க வேண்டும். அந்தக் கைகளைப் பற்றி நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

கைமாறிய கோட்டை

1750-களில் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் நம் மண்ணில் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குப் பாண்டிச்சேரி, இன்னொருவருக்கு மெட்ராஸ். நடுவில் நாம். 1751-இல் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1752-இல் ராபர்ட் கிளைவ் முதலில் கடற்கரையில் கோவளம் கோட்டையையும், பிறகு செங்கல்பட்டையும் பிடித்தான்.

1758-ஆம் வருடக் கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி மெட்ராஸைப் பிடிக்கப் பெரிய படையோடு போனான். செங்கல்பட்டைப் பிடிக்க நாள் ஆகும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு நேரே மெட்ராஸுக்குப் போய்ச் சுற்றி வளைத்தான். முதுகுக்குப் பின்னால் எதிராளியின் கிடங்கை விட்டுவிட்டுப் போனதுதான் அவன் செய்த தப்பு. செங்கல்பட்டில் இருந்து பிரஸ்டன் என்ற கேப்டனும், மருதநாயகம் என்று நாம் கேள்விப்படும் யூசுப் கானும் தங்கள் ஆட்களோடு புறப்பட்டு லாலி படையின் பின்பக்கத்தைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தார்கள். அடித்தால் ஓடுவார்கள், மறுபடி வருவார்கள். பரங்கிமலைப் பக்கம் சண்டையும் நடந்தது. 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினான்.

1763-இல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். நம்மைக் கேட்கவில்லை.

நெல்லைக் காத்து ஆளை விட்ட கதை

1780-ஆம் வருடம் ஆடி மாசத்தில் ஹைதர் அலி மலைக் கணவாய் வழியாக இறங்கி வந்தார். படை 80,000 பேருக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்த்து நிற்க வேண்டிய கம்பெனிப் படை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தளபதி ஹெக்டர் மன்றோ 5,000 பேரோடு காஞ்சிபுரத்தில். கர்னல் பெய்லி வடக்கே இருந்து இன்னொரு படையோடு அவனிடம் வந்து சேர வேண்டும். பெய்லி பேரம்பாக்கம் வரை வந்துவிட்டான். இடைவெளி 14 மைல்தான். அங்கே ஹைதரின் மகன் திப்பு மறித்துக்கொண்டார்.

நீ வந்து சேர்ந்துகொள் என்று பெய்லி ஆள் அனுப்புகிறான். மன்றோ நகரவில்லை. சிறு படை ஒன்றை மட்டும் அனுப்பினான். காரணம் என்ன தெரியுமா? அவனுடைய தானியம் முழுக்க காஞ்சிபுரம் கோயிலுக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் ஹைதர் எடுத்துக்கொள்வார், பிறகு படைக்குச் சோறு கிடையாது. அரிசியைக் காப்பதா, ஆளைக் காப்பதா? மன்றோ அரிசியைக் காத்தான். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. பிழைத்தவர்கள் கைதியாகப் போனார்கள்.

காத்த அரிசியாவது மிஞ்சியதா? அதுவும் இல்லை. மறுநாளே மன்றோ கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, எடுத்துப்போக முடியாத சாமான்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். ஓடி வந்து ஒதுங்கிய இடம் நம் செங்கல்பட்டுக் கோட்டை. அங்கிருந்து மெட்ராஸ்.

அந்தச் சண்டை முழுக்க ஹைதரால் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சுற்றுப்பட்டு ஜனங்களும் இதற்குள் அடைக்கலம் புகுந்தார்கள் என்று படித்தேன். இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோட்டை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு, நம்மவர்கள் சிலரைக் காப்பாற்றியதும் உண்டு. ஆனால் கோட்டைக்குள் எத்தனை பேர் கொள்ளும்? மற்றவர்கள் எங்கே போனார்கள்?

அறுப்பு இல்லாத தை

கம்பெனிப் படைக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று மெட்ராஸைச் சுற்றிப் பல மைல் தூரம் ஹைதரின் குதிரைப்படை ஊர்களைக் கொளுத்தியது. ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. ஆடியில் ஆரம்பித்த சண்டை. விதைக்கிற காலத்தில் உழவன் ஊரில் இல்லை என்றால் தையில் எதை அறுப்பது?

அந்தத் தையில்தான், 1781 ஜனவரி 17-ஆம் தேதி, புதுத் தளபதி அயர் கூட் மெட்ராஸில் இருந்து கிளம்பினான். செங்கல்பட்டுக்கு வந்து அங்கே அடைபட்டிருந்தவர்களுக்கு உதவி செய்தான். அடுத்தது மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிக் கோட்டை. அங்கே ஹைதர் ஆட்கள் இருந்தார்கள், தானியமும் இருந்தது. ஜனவரி 21-ஆம் தேதி விடியற்காலையில் 1,000 பேரை அனுப்பித் திடீரென்று பிடித்தான். பிடித்ததில் பெரிய லாபம் அந்தத் தானியம்தான். பிறகு பரங்கிப்பேட்டை, மறுபடியும் புள்ளலூர், சோளிங்கர் என்று அந்த வருடம் முழுக்கச் சண்டை. ஜெயித்தாலும் கூட்டால் துரத்திக்கொண்டு போக முடியவில்லை. மாடு இல்லை, அரிசி இல்லை. இரண்டு பக்கப் படையும் எதிரியைத் தேடியதைவிட நெல்லைத் தேடி அலைந்ததுதான் அதிகம்.

அந்த நெல் யாருடையது? சண்டைக்குப் பத்து வருடம் முன்னால், 1767 முதல் 1774 வரை, பார்னார்டு என்ற கம்பெனி இன்ஜினீயர் இந்தச் சீமையில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தான். நல்ல விளைச்சல் உள்ள நாடு என்று அந்தக் கணக்கு காட்டுகிறது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்த கணக்குகளும் உண்டு. களத்துமேட்டில் நெல் குவித்ததும் கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். மேரை என்று பெயர். பஞ்சம் வந்தால் தாங்கிக்கொள்ள ஊருக்குள்ளேயே நாலு இடத்தில் நெல் இருந்தது என்று இதற்கு அர்த்தம். (எல்லோருக்கும் சமமான பங்கு இல்லை. உழுது நட்டவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அதையும் மறைக்கக் கூடாது.)

படை வந்தபோது நாலு இடத்தில் இருந்த நெல் ஒரே இடத்துக்குப் போனது. கோட்டைக்குப் போனது, இல்லை என்றால் எரிந்தது.

1782-இல் பஞ்சம். கிராமத்து ஜனம் மெட்ராஸை நோக்கி நடந்தது. வங்காளத்தில் இருந்து கப்பலில் அரிசி வந்தது. அந்த அக்டோபரில் அடித்த புயலில் துறைமுகத்துக்கு எதிரிலேயே அரிசிக் கப்பல்கள் கவிழ்ந்தன. பசித்து வந்தவர்களுக்குப் பட்டணத்துக்கு வடக்கே கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்ற அந்த இடம்தான் பிறகு கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி ஆகி, இன்றைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அங்கே பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் போய்வந்தவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1784 மார்ச்சில் திப்புவும் கம்பெனியும் மங்களூரில் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆனால் நம் ஊர்கள் எழுந்திருக்க ரொம்ப நாள் ஆனது. ஏரிகள் தூர்ந்து கிடந்தன. பத்து வருடம் கழித்து 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் என்பவர் மதுராந்தகம் ஏரியைப் பழுது பார்த்தார். ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் வெள்ளைக்காரத் துரை அவர்தான்.

புள்ளலூரில் செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இரண்டு நினைவுத் தூண் இன்றைக்கும் நிற்கிறது. பசியில் செத்த நம் ஜனத்துக்கு ஒரு கல்லும் இல்லை. "ஐதர் காலம்" என்ற பேச்சு மட்டும்தான் மிச்சம்.

பாட்டி காலத்திலும் அதே கதை

இது எப்போதோ நடந்தது என்று விட்டுவிடவும் முடியாது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்த ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழ, மெட்ராஸ் ஜனம் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தது. வங்காளத்தில் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாது என்று கடலோர ஊர்களில் இருந்து நெல்லையும் படகுகளையும் சர்க்காரே அப்புறப்படுத்தியது. 1943 பஞ்சத்தில் அங்கே சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். விளைச்சல் குறைந்தது ஒரு காரணம். இருந்த அரிசி படைக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டது இன்னொரு காரணம். நாம் வரிசையில் நிற்கிற ரேஷன் முறையும் அந்த யுத்த காலத்தில்தான் மெட்ராஸுக்கு வந்தது.

நம் டிரம்மும் சாவியும்

இவ்வளவையும் நான் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் பிடி அரிசி சேர்க்கிறோம். காலையில் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது, மாசக் கூட்டத்தில் அளந்து டிரம்மில் கொட்டுவது. வண்டு வராமல் வேப்பிலையும் வசம்பும் போடுவோம். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை பழைய அரிசியை எங்களுக்குள்ளேயே விலைக்கு எடுத்துக்கொண்டு புதிசு நிரப்புவோம்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, இது எதற்கு, விற்றுப் பணமாகப் பேங்கில் போடுவோம் என்றார்கள். அப்படிப் பேசியதில் முதல் ஆள் நான்தான். தீர்மானப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. நல்ல வேளை, ஒரு பெரியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "2020-இல் கொரோனாவுக்கு ஊரடைச்சப்போ முதல் பத்து நாள் மூணு வீட்டுல இந்த டிரம்தான் அடுப்பெரிய வெச்சுது, மறந்துட்டீங்களாடி?" என்று கேட்டார். அந்த மூன்று வீட்டில் ஒன்று எங்கள் வீடு. வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை நின்று, கையில் காசும் இல்லாமல் இருந்த நேரம். நான் எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கூட்டமைப்பில் வேறு ஒரு யோசனை வந்திருக்கிறது. எல்லாக் குழுவின் பிடி அரிசியையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பெரிய தானியக் கிடங்காக வைக்கலாம் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். கணக்குப் பார்க்க சுலபம், எலித்தொல்லை குறைவு, விலை ஏறும்போது விற்கலாம். ஆனாலும் என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். நெல் ஒரே இடத்துக்குப் போய்விட்டால், அதைத் திறக்கிற கை நம் வீட்டுப் பசியைப் பார்க்காது. மன்றோ மாதிரி கிடங்கைக் காப்பதிலேயே கண்ணாக இருப்போம், ஆளை விட்டுவிடுவோம். ஒரு வெள்ளம் வந்து ரோடு அடைபட்டாலும் போதும், அந்தக் கிடங்கு நமக்குக் கோட்டைதான்.

ஆகவே கூட்டமைப்புக்குக் கொஞ்சம் கொடுப்போம், மேரை மாதிரி ஒரு பங்கு. மிச்சம் அந்தந்தக் குழுவின் டிரம்மிலேயே இருக்கட்டும். எங்கள் குழுவில் சாவி ஒருத்தரிடம், நோட்டு இன்னொருத்தரிடம். மூன்று பேர் இல்லாமல் டிரம்மைத் திறப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் அந்த மூன்று பேரும் ராத்திரி என்றாலும் கூடிவிட வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அந்த இரண்டாவது விதியைப் போடச் சொன்னது அதே பெரியம்மாதான்.

அடுத்த பொதுக்குழுவில் இது ஓட்டுக்கு வருகிறது. அக்கா தங்கைகள் யோசித்துக் கை தூக்குங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் ரயிலில் போகும்போது ஏரிப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கூடவே பிள்ளைகள் இருந்தால் இது கோட்டை என்று சொல்லுங்கள், உள்ளே யாருடைய நெல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.